பதினேழு வீடுகள்

அவளுடைய ஆய்வு நோட்டில் ‘தெரியல’ என்ற சொல் நாற்பத்தொரு இடங்களில் இருந்தது. நான் எண்ணியிருக்கிறேன். சார்ட்டில் திருத்தமாக எழுதுவதற்காக அவள் அந்த நோட்டை என்னிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். தொண்டாமுத்தூரிலிருந்து காந்திபுரம் திரும்பும் பஸ்ஸில், ஒரு சனிக்கிழமை மதியம், அதை மடியில் வைத்துப் புரட்டிக்கொண்டே வந்தேன். எரிச்சலில்தான் எண்ணினேன். நாங்கள் அப்போது ஏழாம் வகுப்பு ‘பி’ பிரிவு.

அந்த ஆண்டு ஜூன் மாதம்தான் நான் நாட்குறிப்பு எழுதத் தொடங்கியிருந்தேன். ஆகவே கீழே வரும் கிழமைகளையும் மாதங்களையும் நம்பலாம். பேச்சுகள் நினைவிலிருந்து எழுதியவை. ஒரு சொல் முன்பின் இருக்கலாம். அவளுடைய பெயரை எழுதவில்லை. எழுதலாமா என்று அவளிடம் நான் கேட்கவில்லை. கேட்காமல் எழுதினால், ‘யாரைக் கேட்டு எழுதினே?’ என்பதுதான் அவளுடைய முதல் கேள்வியாக இருக்கும்.

பள்ளி பீளமேட்டில் இருந்தது. எங்களில் பெரும்பாலோர் நடந்தோ சைக்கிளிலோ வருகிற தூரத்தில் குடியிருந்தோம். அவள் மட்டும் தொண்டாமுத்தூருக்கும் அப்பால் ஒரு தோட்டத்து வீட்டிலிருந்து வந்தாள். காந்திபுரத்தில் இன்னொரு பஸ் மாற வேண்டும். அவளுடைய ஊரிலும் எட்டாம் வகுப்பு வரை பள்ளி உண்டு. ஆனால் எங்கள் பள்ளியில் ஓர் ஆய்வுக்கூடமும், புத்தகத்தைப் பிள்ளைகள் தாமே எடுத்துப் பார்க்க விடுகிற ஒரு நூலகமும் இருந்தன. அதற்காகவே அடம்பிடித்து வந்து சேர்ந்திருந்தாள். அவள் அப்பா ஓராண்டு தவணை கொடுத்திருந்தார்.

“ஏழாவது போ. ரெண்டு பஸ் மாறிப் போனதுல என்னத்தக் கண்டேன்னு வருசக் கடைசில எனக்குச் சொல்லோணும். அப்பறம் பாத்துக்கலாம்னு சொல்லியிருக்காரு.” இதை அவளே முதல் வாரத்தில் எங்களிடம் சொன்னாள். மறைக்கவோ வருந்தவோ இல்லை. நாளை விடுமுறை என்று சொல்வதைப் போலச் சொன்னாள். ஆனால் மதிய இடைவேளைகளில் அவள் நூலகத்தில் இருந்த விதத்தைப் பார்த்தவர்களுக்கு, அடுத்த ஆண்டும் இங்கே இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இல்லை என்பது தெரியும். சோற்றுப் பாத்திரத்தைக் கழுவிய ஈரம் காய்வதற்குள் அங்கே போய்விடுவாள்.

எங்கள் சமூக அறிவியல் மிஸ் ஒவ்வொரு தேர்வுக்கு முன்பும் ஒன்றையே சொல்வார். “எதையும் காலியா விட்டுட்டு வராதீங்க. தெரியுதோ தெரியலையோ, கேள்வியையாவது திருப்பி எழுதி வைங்க. திருத்தறவங்களுக்கும் மனசு இருக்குது.” நான் இதில் தேர்ந்தவன். இரண்டு வரி விஷயத்தை ஒரு பக்கத்துக்கு இழுப்பேன். தலைப்பு, உட்தலைப்பு, அடிக்கோடு எல்லாம் உண்டு.

காலாண்டுத் தேர்வுத் தாள்களை மிஸ் அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை திருப்பிக் கொடுத்தார். அவளுடைய தாளை மட்டும் கையில் வைத்துக்கொண்டார்.

“அஞ்சு மார்க் கேள்வி. இந்த அம்மணி என்ன எழுதியிருக்கா, கேளுங்க. ‘இரண்டு காரணங்கள் மேலே உள்ளன. மற்ற மூன்று காரணங்கள் எனக்குத் தெரியாது.’”

வகுப்பு சிரித்தது. நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

“ஏம்மணி, காலியா விட்டிருந்தாலும் மறந்துட்டயாக்கும்னு நெனச்சிருப்பேன். இதை எதுக்கு எழுதி வெச்சே?”

“காலியா விட்டா மறந்துட்டேன்னு நெனப்பீங்க மிஸ். நான் மறக்கலீங். எனக்குத் தெரியாது.”

“அதை எனக்கு வேற தெரியப்படுத்தறயா?”

“ஆமாங் மிஸ்.”

மிஸ் அவளுக்கு இரண்டு மதிப்பெண் போட்டிருந்தார். எனக்குத் தெரிந்ததும் அதே இரண்டு காரணங்கள்தான். அவற்றை ஐந்து விதமாகப் புரட்டி எழுதி மூன்றரை வாங்கியிருந்தேன்.

அவள் குறிப்பெடுக்கும் முறை வேறாக இருந்தது. வகுப்பில் நாங்கள் கரும்பலகையில் இருப்பதை அப்படியே எழுதுவோம். ஆசிரியர் எழுத நிறுத்தினால் நாங்களும் நிறுத்துவோம். அவள் நோட்டின் இடப்பக்கத்தில் கேட்டதை எழுதுவாள். வலப்பக்கம் அவளுடைய சந்தேகத்துக்கு. ‘இதை மிஸ் புத்தகத்தில் படித்தாரா, நேரில் பார்த்தாரா? கேட்க வேண்டும்’ என்று வலப்பக்கத்தில் எழுதி, நிஜமாகவே போய்க் கேட்பாள். நூலகப் புத்தகத்திலிருந்து எடுத்தால் பக்க எண் இருக்கும். நாங்களாக இருந்தால் ‘நூலகத்தில் படித்தது’ என்று எழுதியிருப்போம். அதையும் எழுதியிருக்க மாட்டோம். இந்தப் பழக்கம் அவளுக்கு எப்படி வந்தது என்று நான் விசாரித்ததில்லை.

நவம்பர் தொடக்கத்தில் அறிவியல் சார் நான்கு பேரைத் தேர்ந்தெடுத்தார். மாவட்ட அளவில் பள்ளி மாணவர்களுக்கான ஆய்வுப் போட்டி. அவள், நான், நன்றாகப் படம் வரைகிற ஒருவன், நன்றாகப் பேசுகிற ஒருத்தி. தலைப்பு அவளுடைய ஊரிலிருந்து வந்தது: யானைகள் எந்த மாதத்தில், எந்தப் பயிருக்கு, எந்தப் பக்கத்திலிருந்து தோட்டங்களுக்கு வருகின்றன. ஒவ்வொரு வீட்டுக்கும் ஆறு கட்டம். கடைசியாக வந்தது எப்போது, எத்தனை, அப்போது என்ன பயிர் இருந்தது, எதைத் தின்றது, எந்தப் பக்கமாக வந்தது, எப்படி விரட்டினார்கள்.

“முப்பது வீடு,” என்றார் சார். “முப்பது இருந்தாத்தான் ஆய்வு. அதுக்குக் கீழ போனா அது வெறும் பழமை.” பழமை என்றால் எங்கள் பக்கம் சும்மா உட்கார்ந்து பேசும் பேச்சு.

அவர் எங்கள் நால்வரிடமும் இன்னொன்றும் சொன்னார். மாநிலப் போட்டிக்குத் தேர்வானால் தலைமையாசிரியரே அவளுடைய அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதுவார். கடிதம் போனால் எட்டாம் வகுப்புக்குத் தடை இருக்காது. இதைக் கேட்டபோது அவள் கையிலிருந்த பேனாவின் மூடியைத் திறந்து மூடினாள்.

சனிக்கிழமைகளில் போனோம். அவள் பஸ் நிறுத்தத்தில் காத்திருப்பாள். நாங்கள் மூவரும் இறங்கியதும் நடப்போம். மலை எதிரிலேயே நிற்கும். தென்னை, வாழை, தக்காளி, நடுவில் சின்னச் சின்ன வாய்க்கால்.

மூன்றாவது வீட்டில் ஓர் அம்மா வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தார். எங்களை உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்.

“யானை கடைசியா எப்பங் வந்துச்சு?” என்று அவள் கேட்டாள்.

“ஆடியில கண்ணு. ஆடிப் பதினெட்டுன்னு வெச்சுக்கோ.”

நான் ‘ஆடி 18’ என்று எழுதிவிட்டேன். சுத்தமான தேதி. எனக்குப் பிடித்திருந்தது.

“ஆடிப் பதினெட்டு அன்னிக்கேங்களா?”

“அந்தச் சமயந்தான். எங்க பெரியவ ஊட்டுக்காரரோட ஒரம்பரையா இங்க விருந்துக்கு வந்திருந்தா.”

“அக்கா பதினெட்டு நோம்பிக்கு வந்தாங்களா, நோம்பி முடிஞ்சு வந்தாங்களா?”

அந்த அம்மா வெங்காயத்தைக் கீழே வைத்தார். “முடிஞ்சுதான் வந்தா. நோம்பிக்குத்தான் மாமியா விடலியே. அதுக்குத்தான எங்களுக்குள்ள அத்தனை பேச்சு.”

“அப்ப எத்தனை நாள் கழிச்சுங்?”

“அது தெரியலியே சாமி.”

அவள் எழுதிக்கொண்டாள்: ‘ஆடி. 18-க்குப் பிறகு. மகள் வந்திருந்த அன்று. தேதி தெரியல.’ வெளியே வந்ததும் நான் சொன்னேன், “அவங்களே பதினெட்டுன்னு சொன்னாங்க. எழுதிட்டுப் போக வேண்டியதுதான?”

“எல்லாரும் பதினெட்டுன்னுதான் சொல்லுவாங்க. ஆடில எல்லாருக்கும் ஞாபகம் இருக்கற நாளு அது ஒண்ணுதான். முப்பது ஊட்டுலயும் அப்படியே எழுதினா, யானை நோம்பி கும்பிட வந்த மாதிரி இருக்கும்.”

ஏழாவது வீட்டில் ஒருவர் பன்னிரண்டு யானை வந்ததாகச் சொன்னார். கையை விரித்து வரிசையையும் காட்டினார்.

“நீங்க பாத்தீங்களா?” என்றாள்.

“பாக்கோணுமாக்கும்? சத்தம் கேட்டுச்சுல்ல.”

“சத்தத்துல எப்படிங் எண்ணினீங்க?”

“இந்தப் புள்ள யாரு ஊட்டுது?” என்று அவர் எங்களைக் கேட்டார். அவள் தன் அப்பா பெயரைச் சொன்னாள். “அதான பாத்தேன். உங்கப்பன் நெலம் அளக்க வந்தவன்கிட்டயே அளவுகோலை வாங்கி அளந்து பாத்தவன்.” நோட்டில்: ‘பன்னிரண்டு என்கிறார். கேட்டது. பார்க்கவில்லை.’

பதினொன்றாவது வீடு அவளுடையது. அவள் அப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பதில் சொன்னார். அவளும் மற்ற வீடுகளில் கேட்ட அதே குரலில், ‘ங்’ போட்டு, வரிசையாகக் கேட்டாள். நாலு யானை என்றார். நேரில் பார்த்தீர்களா என்றாள்.

“நீயுந்தான ஊட்டுக்குள்ள இருந்தே?”

“நான் ரெண்டுதானுங் பாத்தேன்.”

“அப்ப நான் பொய் சொல்றனா?”

“நீங்க நாலு, நான் ரெண்டுங். ரெண்டையும் எழுதிக்கறேன்.”

அவர் எங்களைப் பார்த்து, “மூணு பேரும் சாப்பிட்டுப் போங்க,” என்றார். அவர் கோபப்பட்டாரா, பெருமைப்பட்டாரா என்று அன்று நாட்குறிப்பில் எழுத முயன்று விட்டுவிட்டிருக்கிறேன்.

ஐந்து சனிக்கிழமைகளில் பதினேழு வீடுகள் முடிந்தன. ஆறாவது சனி மழை. ஏழாவது பள்ளி வேலைநாள். பிறகு அரையாண்டுத் தேர்வு, பொங்கல் விடுமுறை. போட்டி ஜனவரி கடைசி வெள்ளி. அதற்கு முந்தைய ஞாயிறன்று, படம் வரைகிறவனின் வீட்டு மாடியில் சார்ட்டை விரித்து உட்கார்ந்தோம், அவனும் நானும்.

இதை இதுவரை எழுத்தில் சொன்னதில்லை. மீதிப் பதிமூன்று வீடுகளையும் நான் எழுதினேன். பெயர்கள் எளிதாகக் கிடைத்தன. அந்தப் பக்கம் இருக்கிற பெயர்கள்தாம். பதினேழு வீடுகளில் கேட்டதைக் கலைத்துப் போட்டு, வாழையை அங்கேயும் தென்னங்கன்றை இங்கேயுமாக வைத்தேன். மாதங்களைப் பரவலாகப் பிரித்தேன். ஒரே வீட்டுக்கு இரண்டு தடவை யானை வரவழைத்தேன். மூன்று மணி நேரம் ஆனது. இவ்வளவு பொருத்தமாக வந்ததில் எனக்குத் திருப்தி என்றே நாட்குறிப்பில் இருக்கிறது. அவளுக்காகச் செய்கிறேன் என்ற எண்ணமும் இருந்தது. அது பாதி உண்மை. மாநிலப் போட்டிக்குப் போக எனக்கும் ஆசை இருந்தது.

திங்கட்கிழமை காலை அவள் சார்ட்டைப் பார்த்தாள். முதல் பதினேழு வரிசைகளை விரலால் தொட்டுச் சரிபார்த்தாள். பிறகு பதினெட்டிலிருந்து முப்பது வரை வேகமாகப் பார்த்தாள்.

“இந்தப் பதினெட்டாவது ஊட்டுக்கு எந்தப் பக்கம் போகோணும்?”

“கோயிலைத் தாண்டி,” என்றேன்.

“எந்தக் கோயிலு?”

நான் சார்ட்டின் சுருண்ட மூலையை நீவினேன்.

“இந்தப் பதிமூணு ஊட்டுக்காரங்களும் கெட்டிக்காரங்க. ஒருத்தருக்குக்கூட ஒண்ணும் தெரியாம இல்ல.”

சார்ட்டை மறுபடி பார்த்தேன். மேலே பதினேழு வரிசைகளில் அங்கங்கே ‘தெரியவில்லை’, ‘தெரியவில்லை’. அவள் விடாப்பிடியாக நின்றதால் அவற்றை அப்படியே எழுதியிருந்தேன். கீழே பதிமூன்று வரிசைகளில் ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. எனக்கு அது தோன்றவே இல்லை. காலியாக விடாமல் எழுதுவதைத்தான் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

“சார் முப்பது கேட்டாரு,” என்றேன்.

“நம்மகிட்டப் பதினேழு இருக்குது.”

“பதினேழுக்கு யாரு அனுப்புவா? எட்டாவது இங்க படிக்கோணும்னு நீதான சொன்னே? உனக்காகத்தான் எழுதினது.”

அவள் மறுபடி பதினேழாவது வரிசையில் விரலை வைத்தாள். மணி அடித்தது. “நான் என் நோட்டுல இருக்கறதைத்தான் சொல்லுவேன். உன்னைப் பத்தி ஒண்ணும் சொல்ல மாட்டேன்,” என்று சொல்லிவிட்டுப் போனாள். சார் சார்ட்டைப் பார்த்தார். முப்பது வரிசை இருக்கிறதா என்று எண்ணினார். எப்போது போய் முடித்தீர்கள் என்று கேட்கவில்லை.

போட்டி பீளமேட்டிலேயே ஒரு கல்லூரி அரங்கில் நடந்தது. எங்கள் மேசைக்கு வந்த நடுவர் கண்ணாடி போட்ட ஓர் அம்மா. ஏதோ கல்லூரியில் விலங்கியல் பேராசிரியர் என்று சார் சொன்னார். நன்றாகப் பேசுகிறவள் முன்னுரை சொன்னாள். நான் சார்ட்டை விளக்கினேன். நடுவர் என் கையிலிருந்த குச்சியை வாங்கி, வரிசை வரிசையாக மேலிருந்து கீழே இறங்கினார். பதினெட்டில் நின்றார். முப்பது வரைக்கும் போய், மறுபடி பதினேழுக்கு வந்தார்.

“முப்பது வீட்டுக்கும் போனீங்களா?”

“ஆமாங் மேடம்,” என்றேன்.

“குறிப்பு நோட்டு இருக்கா?”

அவள் கொடுத்தாள். நடுவர் நின்றபடியே படித்தார். எங்களுக்கு ஒதுக்கிய நேரம் முடிந்தும் படித்தார். நடுவே ஓர் இடத்தில் சிரித்தார். பன்னிரண்டு யானையாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

“இதில் பதினேழுதான் இருக்கு. மீதி?”

“மீதிப் பதிமூணு ஊட்டைப் பத்தி எனக்குத் தெரியலீங் மேடம்,” என்றாள்.

நான் குறுக்கே விழுந்தேன். “அது நாங்க ரெண்டு பேரு தனியாப் போனதுங் மேடம்.”

நடுவர் அவளைப் பார்த்தார். “அப்படியா?”

“அவங்க போனாங்களான்னும் எனக்குத் தெரியலீங்.”

சார் பின்னாலிருந்து மெதுவாக இருமினார். நடுவர் என்னிடம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை. “பதினெட்டாவது வீட்டில் யார் பதில் சொன்னாங்க? ஆணா, பெண்ணா?”

என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். ஆண் என்றால் ஆண். அதைச் சோதிக்க அவருக்கு வழி இல்லை. ஆனால் அவள் நோட்டு அவர் கையில் திறந்திருந்தது. அதில் மூன்றாவது வீட்டு அம்மாவின் வெங்காயம்வரை இருந்தது. எனக்குப் பதினெட்டாவது வீட்டில் எந்த முகமும் வரவில்லை. “தெரியலீங்,” என்றேன். பள்ளி விஷயத்தில் நான் அந்தச் சொல்லைச் சொன்ன முதல் தடவை அது.

நடுவர் நோட்டை மூடி அவளிடம் கொடுத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். நாங்கள் தேர்வாகவில்லை. திரும்பி வரும்போது சார் அவளிடம், “உனக்கு வாயை மூடிட்டு நிக்கக்கூடத் தெரியாதா?” என்றார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது. தலைமையாசிரியர் கடிதம் என்ற பேச்சே பிறகு எழவில்லை.

நாட்குறிப்பின்படி நான் அவளுடன் பத்தொன்பது நாள் பேசவில்லை. இருபதாம் நாள், பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை, அவளே நூலகத்தில் என் எதிரே உட்கார்ந்தாள்.

“இருபதாவது ஊடு முடிஞ்சுது.”

“எந்த இருபது?”

“யானை. பதினேழுல நின்னு போச்சுல்ல. ரெண்டு சனிக்கிழமை நானே போனேன்.”

“போட்டிதான் முடிஞ்சு போச்சே.”

“போட்டிதான முடிஞ்சுது?” என்றாள். நோட்டை என் பக்கம் தள்ளி, “இந்தச் சனிக்கிழமை வாரயா? ரெண்டு பேரு போனா ஒருத்தரு கேக்கலாம், ஒருத்தரு எழுதலாம்,” என்றாள்.

போனேன். அவள் கேட்டாள், நான் எழுதினேன். எனக்குத் தெரியாத ஓர் எண்ணுக்கு நேரே முதல் முறையாக ‘தெரியல’ என்று எழுதியபோது கை கொஞ்சம் கூசியது. இப்போது பம்பு செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரச்சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். ஓய்வு நேரத்தில் பீளமேட்டுத் தெருக்களின் பழைய கதைகளைத் தேதிவாரியாகச் சேர்க்கிறேன். இரண்டிலும் காலிக் கட்டங்கள் வரும். அவற்றை நிரப்பச் சொல்லி யாராவது அவசரப்படுத்துவார்கள். அந்தக் கூச்சம் எனக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை.

ஏப்ரலில், ஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாள், வியாழக்கிழமை, நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். நூலகத்துக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் ஒரு தடுப்புப் பலகைதான். அலுவலகத்தில் அவளுடைய அப்பா நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் மஞ்சள் பை. பக்கத்தில் அவள். சமூக அறிவியல் மிஸ் ஏதோ கையெழுத்துக்காக வந்தவர் நின்றுவிட்டார்.

“நல்லாத்தானுங் படிக்கறா,” என்று மிஸ் சொல்லிக்கொண்டிருந்தார். “இன்னொரு வருசம் விட்டுப் பாருங்க.”

“படிப்புல கொறை சொல்லலீங். வெடியால ஆறு மணிக்குக் கெளம்பினா பொழுது சாஞ்சுதான் ஊடு சேர்றா. அத்தனை தூரம் போய்ட்டு வர்றதுக்கு ஒரு பலன் வேணும்ல?” அவர் மகளிடம் திரும்பினார். “நீயே சொல்லு கண்ணு. எட்டாவது இங்க படிச்சா என்னாவே?”

மிஸ் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து அவளுக்குக் கண்ணைக் காட்டினார். ‘டாக்டர்’ என்று உதட்டை மட்டும் அசைத்தார். நான் பலகைக்கு இந்தப் பக்கம் நின்று, ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலை என்று நினைத்துக்கொண்டேன். ஒரு சொல் போதும். அவருக்கும் அது போதுமாக இருந்திருக்கும். கேட்ட விதத்திலேயே தெரிந்தது.

“தெரியலீங்ப்பா,” என்றாள். “ஆனா நான் இங்கதான் படிக்கோணும்.”

மிஸ் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அப்பா ஒரு நிமிடம் காத்திருந்து பார்த்தார். வேறு எதுவும் வரவில்லை. “செரி. டி.சி. குடுத்துருங்,” என்று கிளார்க்கிடம் சொன்னார்.

கிளார்க் மாற்றுச் சான்றிதழுக்கான விண்ணப்பத்தை எடுத்துப் பெயர், வகுப்பு, பிரிவு எல்லாவற்றையும் அவரே நிரப்பினார். ஓரிடத்தில் நிறுத்தினார். “காரணம்னு ஒரு கட்டம் இருக்குதுங்க. என்ன போடட்டும்? தூரம்னு போட்டுரட்டுமா? எல்லாருக்கும் அதான் போடறது.”

“போடுங்,” என்றார் அப்பா.

“தூரம் இல்லீங் சார்,” என்றாள் அவள். “தூரம் எனக்கு ஒரு நாளும் செரமமா இல்லீங். ஒரு நாளுகூட லீவு போடல. வருகைப் பதிவேட்டைப் பாருங்.”

கிளார்க் சிரித்தார். “அப்ப என்னன்னு போடறது அம்மணி? நீயே சொல்லு.”

“அப்பா வேண்டாம்னு சொன்னதால நின்னுக்கறேன்னு போடுங்.”

எதிர்த்துப் பேசுகிற குரல் இல்லை அது. ஏழாவது வீட்டிலும் பதினொன்றாவது வீட்டிலும் கேட்ட அதே குரல். கிளார்க் அப்பாவைப் பார்த்தார். அவர் மறுக்கவில்லை, தலையசைக்கவும் இல்லை. எழுதச் சொன்னதாக எடுத்துக்கொண்டாரோ என்னவோ, கிளார்க் அவள் சொன்னதை அப்படியே எழுதி, படிவத்தைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினார். பேனாவையும் வைத்தார். “பெற்றோர் கையெழுத்து இங்கீங்க.”

அவர் படித்தார். அவருக்குப் படிக்க நேரம் பிடிக்கும் என்று அவள் சொல்லியிருக்கிறாள். அந்த ஒரு வரிக்கு மிக நீண்ட நேரம் எடுத்துக்கொண்டார். பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றவில்லை. பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“நாளானிக்கு வாரனுங்,” என்றார். இருவரும் வெளியே போனார்கள். அவர் சொன்ன சனிக்கிழமையிலிருந்து ஒரு வாரம் முழுதும் நான் ஏதாவது காரணம் சொல்லிப் பள்ளிக்குப் போனேன். அவர் வரவில்லை.

ஜூனில் பள்ளி திறந்தது ஒரு திங்கட்கிழமை. எட்டாம் வகுப்பு ‘பி’ பிரிவுக்குள் நுழைந்தபோது இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்து புது நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். நான் பையை வைத்துவிட்டு முதலில் கேட்டது அதைத்தான்.

“அந்த டி.சி. பாரம் என்னாச்சு?”

“அப்பா சட்டைப் பையிலதான் இருக்குது. தொவைக்கறப்ப அம்மா எடுத்து வெளிய வெப்பாங்க. சட்டை காஞ்சதும் அவரே எடுத்து மறுபடியும் உள்ள வெச்சுக்குவாரு,” என்றாள். அட்டையின் ஓரத்தை நகத்தால் அழுத்தி மடித்தாள். “கையெழுத்து மட்டும் போடல.”